யாரும் தொடாத கார்

ஸ்பீடோமீட்டரின் கண்ணாடி சின்ன மாப்பிள்ளையின் மடியில் வந்து விழுந்தது. அவர் அதைத் தொடவே இல்லை என்று சொன்னால் பொய். உள்ளே ஆவி படிந்து முள்ளே தெரியவில்லையே என்று விரலால் லேசாகத் தட்டினார். அவ்வளவுதான். கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் இத்துப்போய் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

உதிர்ந்த தூள் மூக்கில் ஏறிக் காரமாக எரிந்தது. மாப்பிள்ளை தும்மினார். முதல் தும்மலில் பெட்ரோல் மீட்டரின் கண்ணாடி கழன்றது. அடுத்த தும்மலில் இன்ஜின் சூடு காட்டும் மீட்டரும் கண்ணாடியைத் துப்பியது. அவற்றின் ரப்பரும் அதே லட்சணம்தான்.

கார் மாமனாருடையது. "தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவிடுங்க. வேற எதையும் தொடாதீங்க. தொடாம இருந்தாலே எந்த வண்டியும் நல்லா இருக்கும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூர் போயிருந்தார். மூன்று மீட்டரிலும் ஆவி படிவது மட்டும் அவருக்குத் தீராத குறை. போன தடவை வெளியூர் போய் வந்ததிலிருந்து இப்படித்தான் என்று கார் கம்பெனியைத் திட்டாத நாள் இல்லை.

மூத்த மாப்பிள்ளை ஒருமுறை அந்தக் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தன் வசதிக்குத் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து மாமனார் அவரிடம் நேராகப் பேசுவதில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தாலும் மகள் வழியாகத்தான் பேச்சு. சின்ன மாப்பிள்ளை குடியிருப்பதோ மாமனார் வீட்டு மாடியில். கண்ணாடியைத் திருப்பியதற்கே அந்தத் தண்டனை என்றால், கழற்றியதற்கு?

"அப்பா நாளன்னிக்கு வந்துடுவாரு. துணியெல்லாம் எடுத்து வைக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"வீடு காலி பண்றதுக்கு."

மாப்பிள்ளை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினார். கடைக்காரர் உதிர்ந்த ரப்பரை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"எந்த வண்டி சார்? யாரோடது?"

சொன்னார்.

"அதுக்கு ரப்பர் தேடுறதுக்குப் பதிலா வேற மாமனாரைத் தேடுங்க. சீக்கிரம் கிடைக்கும்."

பிறகு மாப்பிள்ளை சைக்கிள் ட்யூபை வெட்டி வளையம் செய்தார். அது தடிமனாகப் போய், கண்ணாடி முள்ளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குள் அசையாமல் நின்ற கார் எண்பதில் போய்க்கொண்டிருந்தது.

அதைப் பிடுங்கிவிட்டு ரப்பர் பேண்டுகளைச் சுற்றினார். கண்ணாடி டப்பென்று தெறித்து அவர் நெற்றியில் ஒரு புடைப்பை உண்டாக்கியது. இனி பொறுப்பதில்லை என்று பசையை எடுத்தார். பசை நல்ல பசை. பெட்ரோல் மீட்டரும் அவருடைய ஆள்காட்டி விரலும் ஒன்றாகிவிட்டன.

மீட்டரைக் காரிலிருந்து கழற்றி, அதோடு கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, எண்ணெய் தேடிக் கீழ்வீட்டுச் சமையலறைக்குள் பூனை மாதிரி நுழைந்தார். அங்கே மாமியார் இருந்தார்.

"கையில என்ன மாப்பிள்ளை?"

"சுளுக்கு அத்தை."

"கடகடன்னு சத்தம் வருதே?"

"பெரிய சுளுக்கு அத்தை."

மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனார். விரல் விடுபட்டதும் மாப்பிள்ளை நிமிர்ந்தார். அலமாரியில் மூன்று கண்ணாடி ஜாடிகள் இருந்தன. மிளகாய்த் தூள், காப்பித் தூள், சர்க்கரை. ஒவ்வொரு மூடிக்கடியிலும் கெட்டியான கறுப்பு ரப்பர் வளையம்.

அவர் நல்ல மனிதர். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்டதில்லை. ஆனால் மாடி வீடு நல்ல காற்றோட்டமான வீடு.

மூன்று வளையங்களும் மூன்று மீட்டரில் அளவெடுத்துச் செய்தது போல் போய் உட்கார்ந்தன. கண்ணாடிகள் ஆடவில்லை, முட்கள் ஒட்டவில்லை. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதார்.

மறுநாள் காலை மாமியார் வழக்கம்போல் மிளகாய்த் தூள் ஜாடியை மூடியைப் பிடித்துத் தூக்கினார். மூடி மட்டும் கையோடு வந்தது. ஜாடி கீழே விழ, வீடே தும்மியது. மாடியில் தும்மினார்கள், பக்கத்து வீட்டிலும் தும்மினார்கள். சர்க்கரையில் எறும்பு குடியேறியிருந்தது. காப்பித் தூள் கல்லாகியிருந்தது.

"என் ஜாடி ரப்பரை யாரோ உருவிட்டாங்க!" என்று மாமியார் கூவியது மாடிவரை கேட்டது. மாப்பிள்ளை போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

சொன்ன நாளில் மாமனார் வந்தார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனார். காரில் ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை வெளியே ஷெட் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

"மாப்பிள்ளை! இங்க வாங்க."

போனார்.

"இந்த மீட்டரைப் பாருங்க. ஆவியே இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கு."

"கண்ணாடிதானே மாமா" என்றார் மாப்பிள்ளை.

"நான் என்ன சொன்னேன்? தொடாம விட்டா வண்டி தன்னைத்தானே சரி பண்ணிக்கும்னு சொன்னேனா இல்லையா? இந்த வீட்லயே எதையும் தொடாத ஆள் நீங்க ஒருத்தர்தான். இனிமே வண்டி உங்க பொறுப்பு." சாவியை அவர் கையில் திணித்தார். மூத்த மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப மகளைத் தேடிப் போனார்.

மாப்பிள்ளைக்குச் சாவி கையில் சுட்டது. நேராகச் சமையலறைக்குப் போனார். மாமியார் சர்க்கரையிலிருந்து எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். பார்த்ததும் இவருக்கு மனசு கேட்கவில்லை.

"அத்தை, மன்னிச்சிடுங்க. ஜாடி ரப்பரை நான்தான் எடுத்தேன். மீட்டருக்குப் போட்டுட்டேன். அது எப்படித்தான் அவ்வளவு கச்சிதமாப் பொருந்துச்சோ தெரியலை."

மாமியார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பொருந்தாம என்ன மாப்பிள்ளை? என் ஜாடி ரப்பர் இத்துப் போச்சுன்னு, அவர் போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப அந்தக் கார்லேர்ந்து நான் மாத்திக்கிட்டதுதானே!"