பூமிக்கு வலிக்காத படப்பிடிப்பு

உலகத்தின் சுற்றுச்சூழலைக் காப்பாற்றிய மகான்களை வரிசையாக உட்காரவைத்தால் காடு வளர்த்தவர், கடலைச் சுத்தம் செய்தவர், திமிங்கிலத்துக்காகப் பட்டினி கிடந்தவர் என்று பலர் வருவார்கள். அவர்களுக்கெல்லாம் முன்வரிசையில் ஒரு மெகா தொடரின் தயாரிப்பு நிர்வாகிக்கு நாற்காலி போட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. அந்த நிர்வாகி நான்தான். பெயர் தவசிமுத்து. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில், எண்ணூர் நெடுஞ்சாலையோரம் பூபதி நகரில், ஆசியாவின் முதல் 'பசுமைப் படப்பிடிப்பை' நடத்திக் காட்டியவன். ஆசியாவில் வேறு யாராவது அதற்கு முன்பே நடத்தியிருக்கலாம். நாங்கள் விசாரிக்கவில்லை.

எங்கள் தொடரின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். அதை ஒளிபரப்பிய சேனலின் பெரிய அதிகாரி ஒருவர் ஐரோப்பாவில் கருத்தரங்குக்குப் போனார். அங்கே குளிரில் நடுங்கிவிட்டு, பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியோடு திரும்பினார். இனிமேல் எல்லாத் தொடர்களும் பூமிக்கு வலிக்காமல் எடுக்கப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் தயாரிப்பாளர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி, பருப்பு மொத்த வியாபாரத்தில் நாலு காசு பார்த்துவிட்டுக் கலைச்சேவைக்கு வந்தவர். உத்தரவைக் கேட்டதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ல தவசி, பூமிக்கு வலிக்காம எடுக்கணுமாம்லா. அதுக்கு என்ன செலவு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. ஒரு ஆளுக்குப் பதவி போட்டாப் போதும்."

"அப்ப நீயே இருந்துக்கோ."

இப்படித்தான் நான் 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு அலுவலர்' ஆனேன். சம்பளம் பழையதுதான். ஆனால் பொறுப்பு உள்ளவன் சம்பளத்தைப் பார்ப்பானா? அன்றைக்கே வேலையில் இறங்கினேன். படப்பிடிப்புத் தளத்தில் ஜெனரேட்டர் புகை கூடாது என்பது விதி. ஆகவே ஜெனரேட்டர் வண்டியை அடுத்த தெருவில் நிறுத்தினோம். பிளாஸ்டிக் தட்டு கூடாது என்பதால் எவர்சில்வர் தட்டு வாங்கினோம். அதைக் கழுவ, பக்கத்துக் குடியிருப்புக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் லாரியை வழிமறித்துத் திருப்பினோம். போகிற ஊரிலெல்லாம் நாயகி கையால் மரக்கன்று நட வேண்டும் என்றார்கள். ஒரே வேப்பங்கன்றை எல்லா ஊரிலும் நட்டோம். புகைப்படம் எடுத்ததும் பிடுங்கி, ஈரத்துணி சுற்றி வண்டியில் வைத்துவிடுவோம். இதற்கு 'மறுபயன்பாடு' என்று பெயர். வசனத்தை, பழைய தொடரின் வசனத் தாளிலேயே பின்பக்கம் எழுதினோம். ஒரு நாள் நாயகி பெனிஷா முன்பக்கத்தைப் படித்து நடித்துவிட்டார். ஒளிபரப்பிய பிறகும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கதைப்படி நாயகியை மாமியார் துரத்திவிடுகிறார். அவர் ஏழைகள் வாழும் தெருவில் குடியேற வேண்டும். ஏழைத் தெருவை ஸ்டூடியோவில் செட் போட்டால் பிளைவுட்டும் தெர்மாகோலும் வீணாகும். அரசாங்கமும் ஆலைகளும் சேர்ந்து வருஷக்கணக்காகப் பாடுபட்டுப் போட்டுவைத்திருக்கும் செட் இருக்கும்போது நாம் ஏன் புதிதாகப் போட வேண்டும்? அப்படித்தான் பூபதி நகருக்கு வந்தோம்.

தெருமுனையில் ரமாபாய் என்கிற பெண்மணியின் வீடு நாயகியின் வீடாகத் தேர்வாயிற்று. ஆலை ஷிப்ட் ஆட்களுக்கு இட்லி அவித்துப் பிழைப்பவர். ஒரே பெண் மதி, இரண்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு வீசிங். மூச்சு விட்டால் ஓட்டை விசில் ஊதுகிறமாதிரி சத்தம் வரும். பல இரவு அம்மா மடியில் உட்கார்ந்தபடிதான் தூங்கும். முற்றினால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தெருவுக்குப் பின்னாலேயே ஓர் ஆலையும் அதன் புகைபோக்கியும் நின்றன.

முதல் நாள் காலையில் அழுகைக் காட்சி. புகையில் பெனிஷாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. கிளிசரின் மிச்சம் என்று அண்ணாச்சி பூரித்துப்போனார். மதியம் சிரிக்கிற காட்சி. அதற்கும் அழுதார். வெள்ளைச் சேலையில் கரி விழுந்து, நாலு முறை துவைக்க வேண்டியதாயிற்று. சோப்புத் தண்ணீர் பூமிக்கு வலிக்கும். இயக்குநர் அன்பரசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"தவசி, நீங்க என்ன சுற்றுச்சூழல் அலுவலர்? சுற்றுச்சூழல் என் ஹீரோயினை இப்படி நாசம் பண்ணுது, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க."

என் கடமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. நேரே ஆலை மேலாளரைப் போய்ப் பார்த்தேன். பண்பானவர். டீ கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"உலையை நிறுத்துறது விஞ்ஞானப்படி முடியாத காரியம் சார். நிறுத்தினா உள்ளே எல்லாம் இறுகிப்போயிடும். இந்த ஏரியா ஜனங்க வருஷா வருஷம் மனு குடுக்கிறாங்க. அவங்களுக்கும் இதைத்தான் விளக்கிச் சொல்லி அனுப்புறோம்."

"பெனிஷாவுக்குக் கண்ணு எரியுது சார்."

"யாருக்கு?"

"பெனிஷாவுக்கு."

மேலாளர் எழுந்து நின்றார். "வீட்டுல எல்லாரும் அவங்க ரசிகர்கள் சார். முன்னாடியே சொல்லக்கூடாதா? எப்போ நிறுத்தணும்?"

மறுநாள் விடியும்போது புகைபோக்கி வேலை போன ஆள்போலச் சும்மா நின்றது. தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. பெண்கள் வெள்ளைத் துணிகளைத் தேடி எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார்கள். அந்தத் தெருவில் வெள்ளைத் துணி இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு நாள் போனபின் ரமாபாய் என்னிடம் வந்தார்.

"சார், கொயந்த ரெண்டு ராவா காலு நீட்டிப் பட்துத் தூங்குது சார். ஒரு இருமல் இல்ல. கம்பெனிக்கு இன்னா ஆச்சி?"

"ஷூட்டிங்குக்காக நிறுத்தியிருக்காங்கம்மா."

"நிறுத்தவே முடியாதுன்னு சொல்லிகினு இருந்தானுங்களே."

"உங்களுக்கு முடியாது. பெனிஷா மேடத்துக்கு முடியும்."

அந்த அம்மாள் அதை யோசித்தார். பிறகு கேட்டார்: "ஷூட்டிங் எத்தினி நாளிக்கு கீது?"

"நாளையோட பேக்கப்."

மறுநாளிலிருந்து பூபதி நகருக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. முதல் டேக்கில் ரமாபாயின் தம்பி ஜெயவேல் ஓட்டிவந்த ஆட்டோ நேராகக் காட்சிக்குள் வந்து நின்றது. பிரேக் பிடிக்கவில்லையாம். பிரேக் பிடிக்காத வண்டி எப்படி நின்றது என்று கேட்டதற்கு, "அதான் சார் எனுக்கும் பேஜாராக் கீது" என்றார். இரண்டாவது டேக்கில் நாயகி "அத்தை" என்று வாய் திறந்தபோது நாலு வீட்டுக் குக்கர்கள் ஒன்றாகக் கூவின. மூன்றாவதில் சாவு மேளம். யார் வீட்டில் சாவு என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். எவரும் சாகவில்லை.

"சாவு எப்ப வரும்னு யாரு கண்டது சார்? அடிச்சிப் பயகிகினு கீறோம்" என்றார் ஜெயவேல்.

இப்படியே ஒரு வாரம் இழுத்தது. கத்திக் கத்தி அன்பரசனுக்குத் தொண்டை கட்டிப்போனது. இதற்கு நடுவே, ஓடினால் மூச்சு வாங்கும் என்று ஓடவே விடாமல் வளர்த்த மதி, விளக்குக் கம்பத்திலிருந்து தண்ணீர்க் குழாய்வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து, இன்னொரு தரம் ஓடினாள். ரமாபாய் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஆனால் அண்ணாச்சியின் முகம் நினைவுக்கு வந்ததால் சரியாகிவிட்டது.

அண்ணாச்சி காரில் வந்து இறங்கினார்.

"ஏம்ல, கெதி கெட்ட தெருவால்லா பிடிச்சிருக்க. எவன்ல இதைக் கெடுக்கது?"

ரமாபாய் ஒளிக்கவில்லை.

"நாங்கதான் சார் கெடுக்கிறோம். ஷூட்டிங் நடக்கிற வரிக்கும் பொகை நிக்குது. பொகை நிக்கிற வரிக்கும் எங்கொயந்த மூச்சு வுடுது. உங்க அல்லாருக்கும் மூணு வேள சோறு நான் ஆக்கிப் போடறேன். நீங்க பாட்டுக்கு எடுத்துகினே இருங்க."

சோறு என்றதும் அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். அரிசி யாருடையது என்று விசாரித்தார். ஆனால் பெனிஷாவின் தேதிகள் முடியப்போகின்றன. ஆகவே, பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் நான் தலையிட்டேன். "நீங்க கெடுக்காம இருங்கம்மா. ஷூட்டிங் முடிஞ்சாலும் உலை எரியாம இருக்க நானே மேலாளர்கிட்ட பேசுறேன். இது என் வார்த்தை" என்றேன்.

நம்பிவிட்டார்கள். அன்று மாலையே ஜெயவேல் இரண்டு பக்கமும் கயிறு கட்டிக் கூட்டத்தை அடக்கினார். குக்கர்கள் வாயை மூடின. தேங்கிக் கிடந்த காட்சிகள் மளமளவென்று முடிந்தன. நானும் வார்த்தை தவறவில்லை. மேலாளரிடம் பேசினேன். "படப்பிடிப்பு இல்லாமல் உலையை நிறுத்துவது விஞ்ஞானப்படி முடியாது" என்றார். விஞ்ஞானத்தை எதிர்த்து வாதாடுகிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை.

மீதி இருந்தது ஒரே ஒரு காட்சி. 'விழிப்புணர்வுக் காட்சி' கட்டாயம் வேண்டும் என்று சேனல் சொல்லியிருந்தது. தெருக் குழந்தைகள் புகையில் இருமுவார்கள். நாயகி பொங்கி எழுந்து காற்றைக் காப்போம் என்று முழங்குவார். அதற்குப் புகை வேண்டும். மறுபடியும் மேலாளரிடம் போனேன்.

"எங்க ஆலைன்னு தெரியக்கூடாது சார்."

"ஆலையைக் காட்டவே மாட்டோம் சார். புகையை மட்டும்தான் காட்டுறோம்."

"அப்படின்னா வழக்கத்தைவிடக் கொஞ்சம் சேர்த்தே விடச் சொல்றேன்" என்றார். விட்டார்.

குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, மிட்டாய் கொடுத்து, இருமச் சொன்னோம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு மதியும் நின்றாள். புகை இறங்கியது. மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருமினார்கள். மதி இருமவில்லை. மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் கழுத்து குழிந்தது. உதடு கறுத்தது.

"அந்தப் பாப்பா ஓவரா பண்ணுது" என்றார் அன்பரசன். உற்றுப் பார்த்துவிட்டு, "இல்ல, இல்ல, அப்படியே குளோசப் போங்க" என்றார்.

அரிசி களைந்துகொண்டிருந்த ரமாபாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு காட்சிக்குள் ஓடிவந்தார். பெனிஷா ஒரு தேர்ந்த நடிகை. மதியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு வசனத்தை ஆரம்பித்தார். ரமாபாய் மறு கையைப் பிடித்து இழுத்தார்.

"வுடும்மா. கொயந்தய வுடு."

வசனத்தில் இல்லாத வரி. ஆனால் அவ்வளவு இயல்பாக அமைந்துவிட்டது. யூனிட் முழுக்கக் கைதட்டியது. கைதட்டல் முடிவதற்குள் ஜெயவேலின் ஆட்டோ தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஸ்டான்லிக்குக் கிளம்பியது. "சேஃப்டிக்கு ஒன் மோர் எடுத்துக்கலாம்" என்று நான் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன். நிற்கவில்லை. அந்த ஆட்டோவுக்கு மெய்யாகவே பிரேக் பிடிக்காது போலிருக்கிறது.

பூமி எங்களைக் கைவிடவில்லை. சேனலின் முதல் 'பசுமைப் படப்பிடிப்பு விருது' எங்களுக்குத்தான் கிடைத்தது. குளிரூட்டப்பட்ட அரங்கில் விழா. மேடையில் அண்ணாச்சி, அன்பரசன், பெனிஷா, 'சுற்றுச்சூழல் நண்பர்' என்ற சால்வையோடு ஆலை மேலாளர். 'பயனாளிகள்' இரண்டு பேராவது வேண்டும் என்றார்கள். பழையபடி புகை இறங்கிக்கொண்டிருந்த தெருவில் ரமாபாயிடம் போனேன். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். மேலாளரும் வருகிறார் என்று வாசலிலிருந்தே சொன்னேன். "அப்ப வரேன். அவராண்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்று பதில் வந்தது.

விழா அன்று ரமாபாய், ஸ்டான்லியில் பிழைத்துத் திரும்பிய மதியை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். குளிரில் பிள்ளையின் விசில் சத்தம் என் இருக்கைவரை கேட்டது. தொகுப்பாளர் கீழே இறங்கிவந்து மைக்கை நீட்டினார்.

"சொல்லுங்கம்மா. ஷூட்டிங்னு வந்து உங்க தெருவுக்கு இவங்க ஏதாவது கெடுதல் பண்ணிட்டுப் போனாங்களா?"

ரமாபாய் எழுந்தார். மேலாளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கெடுதலா? அதெல்லாம் இல்ல சார். வந்தப்ப எப்பிடி இருந்துச்சோ, துளி மாத்தாம அப்பிடியே வுட்டுட்டுப் போய்ட்டாங்க."

அரங்கம் அதிர்ந்தது. கேட்க வந்த வார்த்தையைக் கேட்பதற்குள் தொகுப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். பசுமைப் படப்பிடிப்பின் இலக்கணத்தை உலகில் இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்று சேனல் அதிகாரி நா தழுதழுத்தார். மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். அவருக்கு முன்பே தட்ட ஆரம்பித்தவன் நான்.

எங்கள் விருதுக் கேடயத்தில் அந்த அம்மாள் சொன்னதைத்தான் நல்ல தமிழில் திருத்திப் பொன்னெழுத்தில் பொறித்துக் கொடுத்தார்கள்: 'வந்தபோது இருந்தபடியே விட்டுச் சென்றவர்கள்.'