வரவேற்பறை மீன்கள் குட்டி போடாத கதை

"குட்டி போடலையாம்," என்றார் டாக்டரம்மா.

மேனேஜருக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அது குழந்தைப்பேறு சிகிச்சை மையம். அங்கே படியேறி வருகிற எல்லோருக்கும் ஏறக்குறைய இதே குறைதான். ஆனாலும் 'குட்டி' என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"யாருக்கு டாக்டர்?"

"நம்ம ரிசப்ஷன்ல இருக்கிற மீனுக்கு. யாரோ ஒரு அம்மா போன் பண்ணியிருக்காங்க. 'உங்க தொட்டி மீனுக்கே ஒரு வருஷமா ஒண்ணும் நடக்கல, மனுஷங்களுக்கு என்னத்த நடத்தப்போறீங்க'ன்னு கேட்டாங்களாம். மானமே போச்சு."

"யாரும்மா அது?" என்று மேனேஜர் போன் பெண்ணைப் பார்த்தார்.

"பேரு சொல்லல சார்," என்றாள் அவள் தலை நிமிராமல். போன் எடுப்பது அவளுக்குப் பாதி வேலை. கணவன்மார்கள் பரிசோதனைக்குக் கொடுக்கும் குப்பிகளைப் பக்கத்துச் சின்ன ஜன்னலில் வாங்கி லேபுக்கு அனுப்புவது மீதி வேலை.

"மீன் வாங்கினது நீங்கதானே? நீங்களே பாருங்க. அந்தத் தொட்டியில எனக்குக் குட்டி தெரியணும்," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போய்விட்டார்.

மேனேஜருக்குச் சுருக்கென்றது. முட்டையிடாமல் குட்டியே போடும் கப்பி மீன்கள் பதினான்கையும் ஒவ்வொன்றாகத் தானே தேர்ந்தெடுத்தவர் அவர். ஒன்றுக்கு நீல வால், ஒன்றுக்குச் செம்மஞ்சள் வால், ஒன்றுக்கு விசிறி மாதிரி விரியும் புள்ளி வால். கடைக்காரர் சாம்பல் நிறத்தில் மொத்தையாக நாலைந்தைக் காட்டியபோது, "இதெல்லாம் யாருக்கய்யா வேணும்?" என்று ஒதுக்கியதும் அவர்தான். போன வருடம் அவருடைய மனைவி மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது தொட்டிமுன் வெகுநேரம் நின்றாள். "எல்லாம் நீங்களே பாத்து எடுத்ததா?" என்று கேட்டாள். "பின்னே?" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே வீட்டுக்குப் போனாள். அழகைப் பார்த்த சந்தோஷம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர், கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சார், கலரும் வாலும் ஆம்பளைக்குத்தான். பொம்பளை பெருசா, சாம்பலா, சாதாரணமா இருக்கும். வயித்துக்குக் கீழ ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். நீங்க வாங்கிட்டுப் போனது பதினாலும் ஆம்பளை."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"அழகுக்குத்தான் வாங்குறீங்கன்னு நினைச்சேன். நீங்க எங்க வேலை பாக்கறீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

எங்கே வேலை என்பதை மேனேஜர் அப்போதும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் மேனேஜரைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவருக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. தினமும் பத்துக் கணவன்மார்களிடம், "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல சார், இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான்," என்று சொல்லிக் குப்பியைக் கையில் கொடுக்கிறவர், தான் மட்டும் ஒரு நாளும் அந்தக் குப்பியைத் தொட்டதில்லை. அந்த ஜன்னலில் நீட்டினால் போன் பெண்ணுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் மாடிவரை தெரியும். அதனால் மனைவியிடம், "எங்க சென்டர்லயே எடுத்துட்டேன், எனக்கு ஒரு கோளாறும் இல்ல," என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்திருந்தார். "சரிங்க," என்றாள் அவள். அன்றிலிருந்து மாத்திரை, ஊசி, ஸ்கேன் எல்லாம் அவள் தலையில். இவருடைய அம்மா போனில் பேசுகிற பேச்சும் அவள் தலையில். அவள் மாத்திரை விழுங்கும்போதெல்லாம் இவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

இரண்டு சாம்பல் மீன்களை வாங்கிவந்து தொட்டியில் விட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று கைகழுவினார்.

மறுநாள் வரவேற்பறையில் பெண்கள் எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். பதினான்கு வண்ண வால்களும் அந்த இரண்டையும் மூலைக்கு மூலை துரத்திக்கொண்டிருந்தன. ஒன்று வடிகட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மற்றதற்கு ஒளியக்கூட இடம் கிடைக்கவில்லை.

"பாவம், ஒரு நிமிஷம் நிம்மதியா விடுறானுங்களா பாருங்க!"

"எனக்கு எங்க சொந்தக்காரங்க ஞாபகம்தான் வருது. கல்யாண வீட்டுக்குப் போனா இப்படித்தான், 'விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா'ன்னு பின்னாடியே வருவாங்க."

"யாரு சார் இப்படிக் கொண்டுவந்து விட்டது?"

மேனேஜர் தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் மின்விசிறியைப் பார்த்தார். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஆண் மீன்களையெல்லாம் வலைபோட்டுப் பிடித்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் விட்டுத் தன் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் தெறித்துப் பேன்ட் நனைந்ததில் போன் பெண் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

தொட்டி அமைதியானது. சில வாரத்தில், மையமே நிரம்பி வழிந்த ஒரு காலைப்பொழுதில், சாம்பல் மீனில் பெரியது குட்டி போட ஆரம்பித்தது. கண்ணும் வாலும் மட்டும் தெரிகிற துணுக்குத் துணுக்கான குட்டிகள். வரவேற்பறை எழுந்து நின்று கைதட்டியது. டாக்டரம்மாவே வெளியே வந்து மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். மேனேஜருக்கு அன்றைக்குத்தான் சம்பளம் ஜீரணமானது.

அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் தாய் மீன் திரும்பிப் பார்த்து, முதல் குட்டியை லபக்கென்று விழுங்கியது.

ஒரு பெண் வீலென்று கத்தினாள். இரண்டாவது குட்டியும் போனது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மேனேஜர் பாய்ந்து போய் ஒரு துண்டைத் தொட்டிமேல் போர்த்தினார். அதோடு விட்டிருக்கலாம். பதற்றத்தில், "ஒண்ணுமில்லம்மா, உள்ள ட்ரீட்மென்ட் நடக்குது!" என்று வேறு சொல்லிவைத்தார்.

தப்பிய குட்டிகளை ஒரு கண்ணாடிப் புட்டியில் வாரிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். "ஆபீஸ் மீன், கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்," என்றார்.

மனைவி உடனே எழுந்தாள். துணி ஊறவைக்கும் அகலமான பேசினை அலம்பி, தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் பாசியையும் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டாள். முட்டை மஞ்சள்கருவைப் பொடித்து, விரல் நுனியால் தூவினாள். குட்டிகள் மளமளவென்று வளர்ந்தன. ஒருநாள் அவள் குனிந்து பார்த்து, "இது ஆண். இதுவும் ஆண். இது பொண்ணு," என்று பிரித்துக்கொண்டே போனாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுத் தண்ணித்தொட்டி நிறைய இதுதானே. சின்ன வயசுல எனக்கு வேற விளையாட்டு ஏது?"

அவள் பேசினுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, வேலை முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜருக்கு அந்தப் பக்கம் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இதற்குள் மையத்தில் அடுத்த வில்லங்கம் முளைத்தது. தொட்டியில் இருந்தவை பெண் மீன்கள் இரண்டே இரண்டு. ஆண்கள் எல்லாம் மேஜைக்கடியில் வாளியில். அப்படியிருந்தும் இந்தத் தடவை இரண்டுமே குட்டி போட்டன. அதற்கடுத்த மாதமும் போட்டன. மேனேஜர் கடைக்கு ஓடினார்.

"அது அப்படித்தான் சார். ஒருதடவை சேர்ந்தாப் போதும், அதைப் பத்திரமா உள்ள வச்சுக்கிட்டு மாசக்கணக்கா குட்டி போடும். ஆம்பளை பக்கத்துல இருக்கணும்னு இல்ல," என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்து பார்த்தால் வரவேற்பறையில் ஒரே ஆரவாரம். பெரிய மீசை வைத்த ஒருவர் தொட்டியைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

"எல்லாரும் பாருங்கய்யா! உள்ள ஒரு ஆம்பளை மீன் இருக்கா? இல்ல. ஆனா குட்டி வருது. அப்போ இது முழுக்கப் பொம்பளை சமாச்சாரம்! என்னை எதுக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்றீங்க?"

"அதானே!" என்றார் இன்னொரு கணவர். நாலைந்து பேர் கையிலிருந்த குப்பிகளைக் கொண்டுபோய் ஜன்னலில் காலியாகவே திருப்பி வைத்தார்கள்.

டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். "மேனேஜர்! உங்க மீன். நீங்களே விளக்குங்க."

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாளியைத் தூக்கி எல்லோர் முன்னாலும் வைத்தார். ஆணுக்குத்தான் நிறமும் வாலும், தான் வாங்கியது பதினான்கும் ஆண், வெறும் அழகைப் பார்த்து ஏமாந்தது தன் மடத்தனம், ஒரு வருடம் முழுக்க ஒரு குட்டிகூட வராததற்குப் பெண் எந்த விதத்திலும் காரணமில்லை, அங்கே பெண்ணே கிடையாது என்று ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். பெண்கள் சிரித்தார்கள். அவர் காது சூடானது.

"இப்போ வர்ற குட்டியும் இந்த வாளில இருக்கிறவங்களோடதுதான் சார். ரெண்டு பேருமில்லாம ஒண்ணும் நடக்காது. அதனால ரெண்டு பேருமே டெஸ்ட் எடுக்கணும். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. இருமலுக்கு எக்ஸ்ரே..."

"உங்களுக்கு எத்தனை குழந்தை?" என்றார் மீசைக்காரர்.

"இன்னும் இல்ல."

"நீங்க எடுத்தீங்களா இந்த டெஸ்ட்டு?"

மீசைக்காரரின் மனைவி முதல்முறையாக நிமிர்ந்து மேனேஜர் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்குப் பின்னால் போன் பெண்ணும் பார்த்தாள்.

"எடுத்தேன்," என்றார் மேனேஜர். "எடுத்தேன் சார். எனக்கு ஒரு கோளாறும் இல்ல."

மீசைக்காரர் சற்று யோசித்தார். பிறகு மனைவி கையிலிருந்து குப்பியை வாங்கிக்கொண்டார். "நீங்களே இவ்வளவு தைரியமா எடுத்திருக்கீங்க. எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் மனைவி மேனேஜரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அந்தக் கும்பிட்ட கைகளைப் பார்த்ததும் மேனேஜருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. வாளியில் பதினான்கு வால்கள் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கவும் முடியவில்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் பேசின் பக்கத்தில் போய் நின்றார். மனைவி குட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் அந்த டெஸ்ட் எடுக்கவே இல்ல," என்றார். "பயம். வெக்கம். உன்கிட்டப் பொய் சொன்னேன். இவ்வளவு வருஷமா நீ முழுங்கின மாத்திரை, எங்க அம்மாகிட்ட வாங்கின பேச்சு, எல்லாத்துக்கும் நான்தான்..."

அவள் கரண்டியால் கடைசிக் குட்டியையும் அள்ளிப் புதுத் தண்ணீரில் விட்டாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது; ஆனாலும் முகத்தில் ஆச்சரியம் என்று எதுவும் இல்லை.

"நாளைக்கு எடுத்துருங்க. இப்போ செருப்பைக் கழட்டிட்டு வந்து சாப்பிடுங்க," என்றாள்.

'இவள் மனுஷியா, தெய்வமா!' என்று நினைத்துக்கொண்டே மேனேஜர் அன்று அரைவயிறு சாப்பிட்டார்.

மறுநாள் காலை, சிகிச்சைக்கு யாரும் வருமுன்னே மையத்துக்குப் போனார். சின்ன ஜன்னலுக்கு முன்னால் நின்றார். குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நீட்டினார்.

போன் பெண் அதைச் சாதாரணமாக வாங்கி, சீட்டு ஒட்டி, தட்டில் வைத்தாள்.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல சார். இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான்," என்றாள்.

"நேத்து எல்லார் முன்னாடியும் நான் சொன்னது பொய்னு உனக்குத் தெரியும்," என்றார் மேனேஜர் தரையைப் பார்த்தபடி. "வேற யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

"நான் யார்கிட்டயும் எதையும் சொல்றதில்ல சார்," என்றபடி போனைக் கையில் எடுத்து, மனப்பாடமாக ஒரு எண்ணை அழுத்தினாள் அவள். "மீன் குட்டி போடலைன்னு அன்னிக்குப் போன் பண்ணது உங்க வீட்டு அக்காதான்னு இதுவரைக்கும் உங்ககிட்டயாவது சொல்லியிருக்கேனா?"