கெஸ்ட் அண்ணனின் கடைசி கோல்

குமரிக் கடற்கரையில் கெஸ்ட் அண்ணன் ஆடாத கால்பந்து அணி ஒன்று இருக்கிறதென்றால், அந்த அணி இன்னும் ஆரம்பிக்கப்படவில்லை என்று அர்த்தம். ஆள் குறைகிற அணிக்கு வெளியூரிலிருந்து வந்து ஒரு ஆட்டம் மட்டும் ஆடிக்கொடுப்பவரை நாங்கள் 'கெஸ்ட்' என்போம். இருபது வருடம் அதையே செய்ததில், ரேஷன் கார்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே அவர் பெயராகிவிட்டது.

விடியற்காலையில் முட்டத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைப்பார். சோறு போட்டது அதுதான். சாயந்திரமானால் பூட்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவார். ஜெயித்தால் பிரியாணி, தோற்றால் புரோட்டா. ஒப்பந்தம் அவ்வளவே.

நான் எங்கள் ஊர் அணியின் கோல்கீப்பர். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். கண்ணாடி போட்டவன் ஓடினால் கண்ணாடி விழும், நின்றால் விழாது என்று அணிக்காரர்கள் கூடிப் பேசி என்னைக் கோலில் நிறுத்தினார்கள். பந்து என்னைத் தாண்டிப் போவதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது என்பதைத் தவிர அந்தக் கண்ணாடியால் அணிக்கு வேறு லாபமில்லை.

மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு போட்டியில்தான் அவரிடம் முதலில் மாட்டினேன். எதிரணிக்கு பெனால்டி. பந்தை வைத்துவிட்டு கெஸ்ட் அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

"மக்கா, ஒனக்க எடது பக்கமாக்கும் அடிக்கப் போறேன். வெப்ராளப்படாண்டாம், பதறாம நில்லு."

நான் டிகிரி முடித்தவன். எதிரி சொல்வதை நம்புவேனா? வலது பக்கம் பாய்ந்தேன். பந்து இடது பக்கம் போனது.

அடுத்த வருடமும் பெனால்டி, அதே வார்த்தை. போன தடவை சொன்னபடியே அடித்தார், ஆகவே இந்தத் தடவை மாற்றுவார், நான் அப்படி நினைப்பேன் என்று அவருக்கும் தெரியும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. இடது பக்கம்தான்.

"நான் சொன்னம்லா?" என்றார் வருத்தமாக. "படிச்சவனுவளுக்கு நேர சொன்னா ஏறாது."

அவருக்கும் ஒரு கோளாறு உண்டு. போன வாரம் தன்னோடு ஆடியவர்கள் இந்த வாரம் எதிரே நின்றால் கால் குழம்பிவிடும். எங்களுக்காக ஆட வந்த ஒரு நாள், மூன்று பேரை அழகாக ஏமாற்றிக்கொண்டு போய் நாலாமவனிடம் பந்தைக் கொடுத்தார். அவனும் எதிரணிக்காரன். எங்கள் கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னத்துக்குலே கத்துக? அவன் நல்ல எடத்துல நின்னாம்லா!" என்று கேப்டனையே திட்டினார்.

ஒருமுறை கேரளத்தில் பெரிய கிளப் ஒன்று அவரைத் தேர்வுக்கு அழைத்தது. ஊரே மாலை போட்டு அனுப்பியது. மாலை வாடுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

"என்னாச்சு அண்ணே?"

"பெஞ்சுல சும்மா இருக்கச் சொன்னாவ மக்கா. பஸ்ஸுல சும்மா இருந்தா ஊராவது வரும்லா?"

அவருடைய கடைசி ஆட்டம் எங்கள் அணிக்காகத்தான். மாவட்ட லீக்கின் கடைசிப் பிரிவில் நாங்கள் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தோம். சமன் செய்தால் தப்பிப்போம், தோற்றால் லீக்கிலிருந்தே வெளியே. நாற்பதைத் தாண்டிய முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கெஸ்ட் அண்ணன் வந்தார், ஒரு கோலும் அடித்தார். ஒன்றுக்கு ஒன்று. இன்னும் ஒரு நிமிடம்தான்.

எதிரணிக்கு கார்னர். பந்து உயரமாக வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் துணிச்சலாக எகிறி முஷ்டியால் ஓங்கிக் குத்தினேன். என்ன குத்து! பந்து எங்கள் வலைக்குள்ளேயே போனது.

பத்துப் பேர் நெரிசலில் யார் மேல் பட்டதென்று எவருக்கும் தெரியவில்லை. நடுவர் சுற்றிலும் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற கெஸ்ட் அண்ணன் கையைத் தூக்கினார்.

"எனக்க தலையில பட்டதாக்கும் சாரே."

"வெலைபோயிட்டாம்லே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. பிறகு பல குரல்கள். ஒருவன் அவர் பூட்ஸ் பையைத் தூக்கி எறிந்தான். ஆட்டம் முடிந்து குழாயடியில் அவர் முகம் கழுவும்போது ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? நான் போய்ச் சொல்லிருதேன்."

"சும்மா நில்லுலே. நான் வந்து போற ஆளு. நீ இந்த ஊருல இருக்கணும்லா?"

சும்மா நின்றேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அன்று அவருக்குப் புரோட்டாகூட யாரும் வாங்கித் தரவில்லை. அதன்பின் எந்த அணியும் கூப்பிடவும் இல்லை. நானோ எட்டு வருடமாக அந்தக் கதையை என் மனைவியிடம்கூட அவர் தலையில் பட்டதாகவே சொல்லிவந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முட்டம் போனேன். ஐஸ் கம்பெனி வாசலில் இருந்தார். உண்மையைப் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்றேன்.

"வேண்டாம்லே. பொறவு ஒருத்தனும் ஒன்ன கோலியா நிறுத்த மாட்டான்."

"எனக்கு நாப்பத்தஞ்சு ஆச்சு அண்ணே. இனி யாரு நிறுத்தப் போறா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பம் எழுது."

ஊர்க்காரர்களே, அது என் முஷ்டி. வருகிற ஞாயிறு உங்களில் யாருக்காவது ஆள் குறைந்தால் கெஸ்ட் அண்ணனைக் கூப்பிடுங்கள். முழங்கால் அவ்வளவு சரியில்லை. ஆனால் வருவார்.