தலையணைக்கு ஒரு தியாகி

சோப்பு வாங்கப் போனால் சோப்போடு சேர்த்து அது பிறந்த கதையையும் தலையில் கட்டி அனுப்புகிற ஓர் இனம் இப்போது பெருகிவிட்டது, கவனித்தீர்களா? கவனிக்கவில்லை என்றால் உங்கள் குளியலறைக்குப் போய் ஷாம்பு பாட்டிலின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பது எறும்பு எழுத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் பட்ட பாடு கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தக் கொட்டை எழுத்தை எழுதியவர்தான் நம் ஆள். பிராண்ட் கதையாசிரியர் என்று அவருக்குப் பெயர். நான் சுருக்கமாகக் கதைக்காரர் என்கிறேன்.

அடையாளம் காண்பது சுலபம். கறுப்புச் சட்டை போட்டிருப்பார். நீங்கள் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், தூங்கிவிட்டாரோ என்று நீங்கள் சந்தேகப்படும் நேரத்தில் கண்ணைத் திறந்து, "இதுல மனுஷன் எங்க இருக்கான்?" என்பார். நீங்கள் சுற்றுமுற்றும் பார்ப்பீர்கள். பொருள் எப்படி, விலை என்ன, தாங்குமா, கிழியுமா? ஊஹூம், அதெல்லாம் அவருக்கு வேண்டாம். "பொருள யாரு சார் வாங்குறா? உணர்ச்சியத்தான் வாங்குறாங்க" என்பார். உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் உணர்ச்சியை வைத்தா அடைப்பீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். கேட்டதில்லை. கேட்டால் குழாய்க்கும் ஒரு கதை பிறந்துவிடும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை தலையணைக் கடை. அதை ஆரம்பித்த பெரியவர் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் வம்பளப்பார். மகன் வியாபாரத்தைப் பார்ப்பான். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எதிர்ச் சாரியில் லிஃப்ட் வைத்த பெரிய கடை ஒன்று திறக்கும் வரை. அங்கே உள்ளே நுழைந்தாலே ஜிலுஜிலுவென்று இருக்குமாம். ஜனங்கள் அங்கே சாய்ந்துவிட்டார்கள். மகன் பகலெல்லாம் ஈ ஓட்டினான், கடையை மூடிவிடலாமா என்று மனைவியிடம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டான். அந்தச் சமயத்தில்தான் கதைக்காரர் வந்து சேர்ந்தார். அவருடைய அட்டையில் 'பிராண்டுகளுக்கு உயிர் கொடுப்பவர்' என்று அச்சடித்திருந்தது.

வந்தவர் பெரியவர் எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, இந்தக் கடைய ஏன் ஆரம்பிச்சீங்க?"

"இடம் காலியா இருந்துச்சு."

"அது சரி. உள்ளுக்குள்ள ஒரு வெறி இருந்திருக்குமே?"

"குடைக்கடை வைக்கலாம்னுதான் இருந்தேன். பஞ்சு மலிவா கிடைச்சுது."

"வாழ்க்கையில ஒரு பெரிய இழப்பு? நெஞ்ச அடைக்கிற மாதிரி?"

பெரியவர் முகவாயைத் தடவி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "ஒரு தடவ மழையில ஒரு மூட்டை பஞ்சு நனைஞ்சு போச்சுப்பா."

கதைக்காரர் மகனை ஓரமாக என் கடை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "அப்பா தங்கமான மனுஷன். ஆனா கதைக்குத் தேற மாட்டாரு. உயிரோட இருக்கறவருக்காக யாரு சார் அழுவா?" மகன் திருதிருவென்று விழித்தான். பாவம், அவன் என்ன செய்வான்? எதிர்க் கடை லிஃப்டைப் பார்த்தான், தலையை ஆட்டிவிட்டான்.

ஆகவே பெரியவர் காலமானார். கதை இதுதான்: மூட்டை தூக்கிப் பிழைத்த ஓர் அப்பா, செங்கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தவர், கிடைத்த பஞ்சையெல்லாம் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துத் தன் மகனுக்கு ஒரு தலையணை தைத்தார், தான் மட்டும் கடைசி வரை தலையணையில் தலை வைக்கவே இல்லை, "நீயாவது நல்லா தூங்குடா" என்று சொல்லி அந்தச் செங்கல் மேலேயே கண்ணை மூடிவிட்டார். நிஜத்தில் பெரியவர் தலைக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று, கட்டிக்கொள்ள ஒன்று என்று வைத்துக்கொண்டு தெருமுனை வரை கேட்கக் குறட்டை விடுகிறவர். அதெல்லாம் கதைக்கு எதற்கு? அவருடைய இளவயதுப் படம் ஒன்றை, முறுக்கு மீசையோடு இருப்பது, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்கள்.

விஷயத்தைப் பெரியவரிடம் சொன்னபோது நானும் இருந்தேன். மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வியாபாரம் ஆகுமா?"

"ஆகும்னு சொல்றாருப்பா."

"அப்ப செத்துட்டுப் போறேன், விடு."

ஆயிற்று. அமோகமாக ஆயிற்று. லிஃப்டில் ஏறியவர்கள் இறங்கி வந்தார்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையணையை அமுக்கிப் பார்த்தார்கள். வாடிக்கையாளரிடம் பேசும்போது பாதியில் தொண்டை அடைக்க வேண்டும் என்று கதைக்காரர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். எந்த இடத்தில் அடைக்க வேண்டும் என்பதுகூட உண்டு. ஒரே ஒரு சங்கடம், செத்தவர் கடைக்கு வந்துகொண்டிருந்தார். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு வாரம்கூட இருப்புக் கொள்ளவில்லை. செத்தவனுக்கு வீட்டில் என்ன வேலை என்று கேட்டபடி பழையபடி நாற்காலிக்கு வந்துவிட்டார்.

ஒருநாள் ஒரு டீச்சரம்மா வந்தார். வாசல் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நாற்காலியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "ஐயா, உங்க முகம் அப்படியே அவர மாதிரியே இருக்கே?"

தலையணையைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்த மகனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மாட்டினோமடா என்று எனக்கே வியர்த்தது. பெரியவர்தான் அசரவில்லை.

"நான் அவரு தம்பிம்மா."

"உங்க அண்ணன் மாதிரி மனுஷங்க இனிமே பொறப்பாங்களா?"

"பொறக்க மாட்டாங்கம்மா. குறட்டை மட்டும் கொஞ்சம் விடுவாரு" என்றார் பெரியவர்.

இதைக் கேள்விப்பட்டதும் கதைக்காரர் குதித்தார். "தம்பி! இத நான் எப்படி சார் விட்டேன்?" அன்றே இரண்டாம் பாகம் தயாராகிவிட்டது: அண்ணன் விட்டுப்போன மகனைத் தன் பிள்ளையாக நினைத்து நாற்காலியில் காவல் இருக்கும் சித்தப்பா. வாடிக்கையாளர் எதிரில் மகன் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் இரண்டு நாள் அவனுக்கு நாக்கு புரளவில்லை. பிறகு சரளமாகிவிட்டது. "சித்தப்பா, அந்தப் பெரிய சைஸ எடுங்க", "சித்தப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று நாள் முழுக்க என் கடைக்குக் கேட்கும்.

பெரியவரின் வம்பளப்புதான் குறைந்துபோனது. ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "என்னங்க, வாட்டமா இருக்கீங்க?"

"அண்ணன் போன துக்கம்தான்" என்றார். வழக்கமாக அதற்குப் பிறகு சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகளின் கண்ணாடியைச் சரிசெய்து கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பிடாமல் விடமாட்டேன் என்று அந்தப் பெண் என்னையும் உட்கார வைத்துவிட்டது. மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிராமல், "சித்தப்பா, தண்ணிச் சொம்ப இப்படித் தள்ளுங்க" என்றான்.

வாடிக்கையாளர் யாரும் இல்லை. கதைக்காரர் இல்லை. மருமகளின் கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது.

"இப்ப யாரக் கூப்பிட்டீங்க?" என்றாள்.

பெரியவர் சொம்பை மெதுவாக மகன் பக்கம் தள்ளினார். "விடும்மா. பழகிப்போச்சு."

எனக்குத் தொண்டை அடைத்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. மகன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தான். கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் கடைக்கு ஓடினான். நான் பின்னால் போவதற்குள் முறுக்கு மீசைப் படத்தைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஓர் அட்டையில் தன் கோணல் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தான்: 'எங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். வாசல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். முன்பு சொன்னது பொய். தலையணை நன்றாக இருக்கும்.'

மறுநாள் காலை கதைக்காரர் வந்து அதைப் படித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"செத்தவரு திரும்பி வர்றாரு! ஐயோ, மூணாவது பாகம் சார் இது!"

"என்ன விட்டுடுப்பா. இனி என்னால சாகவும் முடியாது, பொழைக்கவும் முடியாது. அவ்வளவு ஆசையா இருந்தா உங்க அப்பாவ வச்சு எழுதிக்கோ" என்றார் பெரியவர்.

"எங்க அப்பாவா? அவர எப்பவோ ஒரு ஷாம்பு கம்பெனிக்குக் குடுத்துட்டேனே."

"ஐயையோ, போய்ட்டாரா?"

"சேச்சே, ஊர்ல நல்லாத்தான் இருக்காரு." கதைக்காரர் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே யோசித்தார். "போன் பண்ணாத்தான், ஏனோ, முன்ன மாதிரி பேசறதில்ல."

இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். உங்களிடம் விற்பதற்குத் தலையணையா இருக்கிறது, ஷாம்பா இருக்கிறது? ஆனால் போன மாதம் பழைய நண்பர்கள் கூடிய இடத்தில் மைக்கைப் பிடித்து, "எனக்குன்னு யாருமே இல்ல, தட்டுத் தடுமாறித் தனியாத்தான் மேல வந்தேன்" என்று சொன்னது யார்? கைதட்டல்கூட பலமாக இருந்ததாமே. தினமும் உங்களைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்துக்கொண்டு போன அண்ணனை அந்தக் கதையில் எந்த வரியில் புதைத்தீர்கள்? அவருக்கு இன்றைக்கு ஒரு போன் போடுங்கள். நன்றாகத்தான் இருப்பார். முன்பு மாதிரி பேசுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.