பெப்டைடும் ஏழு தொன்னையும்

டாக்டரிடம் பொய் சொல்லாதவர்கள் உலகத்தில் கம்மி. ஆனால் அந்தப் பொய்யைத் தேதி போட்டு, நேரம் போட்டு, அளவு போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, நூறு பக்க நோட்டில் கோர்வையாக எழுதிக் கொடுத்து, 'வெரி குட்' என்று கையெழுத்தும் வாங்கி வந்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இருபது வருஷமாகப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். என் எழுத்தை ஒருவர் வரி விடாமல் படித்து முழுசாக நம்பியது அந்த ஒரு தடவைதான்.

அப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. எடை தொண்ணூற்று நாலு கிலோ. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் உத்தியோகம். (கண்காணிப்பதெல்லாம் உட்கார்ந்தபடிதான்.) நான் மாடிப்படி ஏறினால் என் மூச்சுச் சத்தம் எனக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்துவிடும். அதைக் கேட்டுத்தான் பியூன் எழுந்துபோய் என் ஃபேனைப் போடுவார்.

இப்படிச் சௌகரியமாக இருந்தவனைக் கெடுத்தது என் மகள் நித்யா. கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நல்ல பையன். பிரச்சினை பையனின் அப்பா. முனிரத்தினம் என்று பெயர், செங்கம் பக்கத்துக் கிராமம், ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அறுபத்து மூன்று வயதிலும் மாசாமாசம் பௌர்ணமிக்கு வந்து, வெறுங்காலோடு அண்ணாமலையார் மலையைச் சுற்றிவிட்டுப் போகிறவர். போனில் முதல் தடவை பேசும்போதே சொல்லிவிட்டார்.

"கார்த்திகையில கூட்டம் ஜாஸ்தி. மார்கழியில கல்யாணப் பேச்சு வேணாம். தை பௌர்ணமிக்கு வர்றேன் சார். நீங்களும் வாங்க, நடந்துக்கினே பேசிடலாம். ஒரு சுத்து கூட நடந்தா ஆளு எப்படின்னு தெரிஞ்சிடும்."

பதினாலு கிலோமீட்டர். நான் கடைசியாக நடந்த நீண்ட தூரம், வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று மறந்துபோய்த் தேடியது.

"அப்பா, பாதியில ஆட்டோ புடிச்சீங்கன்னா என் கல்யாணமும் பாதியில நின்னுடும், சொல்லிட்டேன்" என்றாள் நித்யா.

இரண்டரை மாசம் இருந்தது. சாதாரண மனிதன் என்ன செய்வான்? நாளைக் காலையிலிருந்து நடப்பான். நான் படித்தவன் அல்லவா, செல்போனை எடுத்துப் படித்தேன். அதில்தான் பெப்டைடு என்ற சொல் என் வாழ்க்கைக்குள் நுழைந்தது. புரதத்தையே சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினாற்போல ஒரு சமாசாரமாம். ஒன்று தசையைத் தேற்றுகிறது, ஒன்று கொழுப்பைக் கரைக்கிறது, ஒன்று வயதையே பின்னால் தள்ளுகிறது என்று போட்டிருந்தார்கள். ரமணாசிரமம் பக்கத்துக் காபிக் கடையில் எழுபது வயது வெள்ளைக்காரர் ஒருவர், தாம் ஊசி மூலம் நாற்பதுக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னார். திரும்பியவர் கைத்தடியை ஏன் எடுத்து வந்திருக்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

செங்கம் ரோட்டில் டாக்டர் பூங்கொடி இருந்தார். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்துப் பெண், வெளியூரில் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். பெப்டைடு மருந்துகளை ரத்தப் பரிசோதனை பார்த்து, கூடவே இருந்து கண்காணித்துத்தான் கொடுப்பார் என்று கேள்விப்பட்டேன். போய் உட்கார்ந்து, ஒரு ரவா தோசை ஒரு காபி என்கிற தோரணையில், "தசை தேறுறதுல ஒண்ணு, இளமைக்கு ஒண்ணு" என்று ஆர்டர் கொடுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "இளமைக்குன்னு விக்கறதுல நிறைய மருந்துக்கு மனுஷங்க கிட்ட சோதிச்ச ஆதாரமே சரியா இல்லைங்க சார். எலி நல்லா இருக்குதுன்னு உங்களுக்குப் போட முடியாது."

"எலி எப்படி இருக்குது டாக்டர்?"

"உங்களவிட நல்லா இருக்குது."

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எல்லை தாண்டியிருந்தது. கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. எனக்கென்று அவர் எழுதியது வாரம் ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி. அதுவும் பெப்டைடுதான், ஆனால் இளமைக்கு இல்லை, சர்க்கரைக்கும் எடைக்கும். சின்ன அளவில் ஆரம்பித்து, நாலு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். "பசி கம்மியாகும். வயிறு மெதுவாத்தான் காலியாகும். அதனால கொஞ்சமா சாப்பிடணும், எண்ணெய் கூடாது, சாப்பிட்டதெல்லாம் இதுல எழுதணும்" என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். "மருந்து பாதி, நோட்டு பாதி சார். நோட்டைப் பார்த்துத்தான் நானு அளவு முடிவு பண்ணுவேன்."

ஊசியைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். தோசை மாவுக்கும் மனைவி மல்லிகாவின் பூப்பொட்டலத்துக்கும் நடுவில் என் எதிர்காலம் ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்று மல்லிகாவிடம் சத்தியம் வாங்கினேன்.

முதல் வாரம் நோட்டில் உண்மைதான் எழுதினேன். இரண்டாம் வாரம் அலுவலக வாசல் டீக்கடையில் போண்டா சூடாக இறங்கிற்று. ஊசி பசியைத்தான் குறைத்தது. போண்டாவுக்கும் பசிக்கும் சம்பந்தம் இருந்ததே இல்லையே! மூன்று தின்றேன். இரவெல்லாம் குமட்டியது. அந்த அவமானத்தை எப்படி எழுதுவது? 'மாலை 4.30: வெள்ளரிக்காய், நாலு துண்டு' என்று எழுதினேன்.

அங்கே பிடித்த எழுத்து வெறி அப்புறம் நிற்கவே இல்லை. பிரியாணி அவித்த சுரைக்காயாயிற்று. பரோட்டா கேழ்வரகுக் கூழாயிற்று. 'பசியில்லை. மோர் மட்டும் அருந்தி உறங்கினேன்' என்று ஒரு நாள் எழுதியபோது, அந்த மனிதனை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

டாக்டர் எட்டாவது வாரம் எடை பார்த்தார். தொண்ணூற்று மூன்றே முக்கால். நோட்டைப் பார்த்தார். தராசை மாற்றிப் பார்த்தார். தைராய்டு பரிசோதனைகூடச் செய்து பார்த்தாகிவிட்டது.

"இவ்ளோ கம்மியா சாப்பிட்டும் குறையலன்னா மருந்து பத்தலன்னு அர்த்தம். வாந்தி, குமட்டல் எதுனா உண்டா சார்?"

"சேச்சே."

(இந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

அளவைக் கூட்டினார். அன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை பௌர்ணமி. "மலை சுத்தப் போனா வழியில குடுக்கறத வாங்கிச் சாப்பிட்டுடாதீங்க" என்றார்.

"என் நோட்டைப் பார்த்த பிறகுமா டாக்டர் இப்படிச் சொல்றீங்க?" என்றேன், கொஞ்சம் மனம் புண்பட்டு.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்குக் கோபுரத்து வாசலில் முனிரத்தினம் நின்றிருந்தார். பிரம்பு மாதிரி உடம்பு, சலவை வேட்டி, தோளில் மஞ்சள் பை. இரண்டு பேரும் தேரடியில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம்.

அரை மணியில் முதல் அன்னதானம். வெண்பொங்கல், தொன்னை நிறைய. நான் தயங்கினேன்.

"வாங்கிக்குங்க சார். அண்ணாமலையார் குடுக்கறத வேணாம்னு சொல்லக்கூடாது" என்று அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நானும் ஒற்றிக்கொண்டேன். ஒற்றிய பிறகு என்ன செய்வது? சாப்பிட்டேன். தெம்பைக் காட்ட வேண்டும் என்பதற்காக அவருக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தபடி, நடையும் வாயும் ஒன்றுக்கொன்று இளைக்காமல் சாப்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் கை காலி. அடேயப்பா, என்ன வேகம்! இவருக்கு நான் சளைத்தவன் இல்லை என்று அடுத்த தொன்னைக்குக் கையை நீட்டினேன்.

கேசரி. புளியோதரை. சுண்டல். கிச்சடி. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் கை காலி.

"நல்லாத்தான் நடக்கறீங்க! யோகா பண்றீங்களா?" என்றார்.

"தினமும்" என்றேன். பொய் அப்போது எனக்கு ஏப்பம் மாதிரி தானாக வந்துகொண்டிருந்தது.

மண்டபம், மாசம், எந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பேச்சு இனிமையாகப் போயிற்று. ஆறாவது தொன்னை, மறுபடியும் பொங்கல். அதற்குப் பிறகுதான் என் வயிறு என் அலுவலகமாகவே மாறிவிட்டது தெரிந்தது. ஃபைல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒன்றுகூட மேசையை விட்டு நகரவில்லை. காலை ஐந்தரை மணிப் பொங்கல், வந்த இடத்திலேயே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. நெற்றியில் வியர்வை. நாக்கடியில் உப்பு.

அடி அண்ணாமலை வந்தது. சாலையோரம் ஒரு சாமியானா, பெரிய அண்டா, சாம்பார் சாதம். கரண்டியோடு நின்றிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார்.

டாக்டர் பூங்கொடி. மாசாமாசம் அவர்கள் குடும்பம் அங்கே அன்னதானம் போடுவது வழக்கமாம். ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது.

கரண்டி அந்தரத்தில் நின்றது. "சார், வழியில எதுனா சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். தண்ணி மட்டும்..."

பின்னாலிருந்து முனிரத்தினம் வந்து என் தோளில் கை போட்டார். "என்னா சார் கூச்சப்படறீங்க? ஆறு தொன்னை ஆச்சு டாக்டரம்மா. நானு எண்ணிக்கினே வர்றேன். இது ஏழாவது. இந்த வயசுல என்னா ஜீரணம் பாருங்க!" என்று பெருமையோடு தாமே அண்டாவிலிருந்து ஒரு தொன்னையை நிரப்பி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

சாம்பார் வாசனை ஏறியது. ஏழாவது உள்ளே போகவில்லை. மற்ற ஆறும் வெளியே வந்தன. வெண்பொங்கல் முதல் வெண்பொங்கல் வரை, எல்லாம் சம்பந்தியின் சலவை வேட்டியின் மேல்.

சாமியானாவுக்குள் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். டாக்டர் நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார். பயமில்லை என்றார். அப்புறம் குனிந்து மெதுவாக, "சார், உங்க நோட்டு கதையா?" என்றார்.

"முதல் வாரம் மட்டும் கட்டுரை டாக்டர்" என்றேன்.

"நானு அத நம்பித்தானே மருந்தைக் கூட்டினேன்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம்பியிருக்கிறாரே, அதுதான் தாங்கவில்லை.

முனிரத்தினம், "என்னா மருந்து?" என்றார். டாக்டர், "அத சார்தான் சொல்லணும்" என்று அண்டாப் பக்கம் போய்விட்டார்.

சொன்னேன். படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, போண்டா, சுரைக்காய், செய்யாத யோகா. நித்யாவின் முகம் கண் முன்னால் வந்துபோனது. ஆளு எப்படின்னு தெரிஞ்சிடும் என்றாரே, இதோ தெரிந்துவிட்டது. அதுவும் வேட்டி முழுக்க.

முனிரத்தினம் மஞ்சள் பைக்குள் கையை விட்டார். நூறு பக்க நோட்டு. அதே அட்டை, அதே கையெழுத்து, அதே 'வெரி குட்'.

"எனக்கும் அந்த டாக்டரம்மாதாங்க. ரெண்டு வருசமா அதே ஊசி. என் பையனுக்கே தெரியாது" என்று அன்றைய பக்கத்தைக் காட்டினார். 'பொங்கல்: ஒரு விரல். கேசரி: ஒரு விரல். புளியோதரை: ஒரு விரல்.'

"மிச்சம்?"

"வழி நெடுக சாமியாருங்க உக்காந்துனு இருக்காங்களே, அவங்க கிட்ட குடுத்துட்டு வந்தேன். வாங்கிக்கத்தானே சொன்னேன் சார், முழுங்கவா சொன்னேன்? நீங்கதான் முன்னால ஓடிட்டு, என் கை காலியானப்புறம் திரும்பிப் பாத்தீங்க."

டாக்டர் மேற்கொண்டு நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆட்டோதான். வேட்டி நனைந்துபோனதால், பக்கத்துக் கடையில் கிடைத்த ஒரே வேட்டியை முனிரத்தினம் கட்டிக்கொண்டார். காவி.

வீட்டு வாசலில் மல்லிகாவும் நித்யாவும் நின்றிருந்தார்கள். ஆட்டோவைப் பார்த்ததும் நித்யாவுக்கு முகம் செத்துப்போயிற்று. மல்லிகா மட்டும் காவி வேட்டியை மேலும் கீழும் பார்த்து, "என்னாங்க, பொண்ணு பேசறேன்னு கூட்டிட்டுப் போய் மனுஷனை சாமியாராக்கிக் கூட்டியாந்துட்டீங்களே!" என்றாள்.

முனிரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நித்யாவிடம், "பயப்படாத கண்ணு. உங்கப்பா குடுத்தத வேணாம்னு சொல்லத் தெரியாத ஆளு. பொண்ணு கேட்டாலும் வேணாம்னு சொல்லமாட்டாரு, கேட்டுட்டேன்" என்றார்.

பங்குனியில் கல்யாணம். பந்தியில் என் இலைக்கு லட்டு வந்தபோது, எதிர் வரிசையிலிருந்து சம்பந்தி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் நான் எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் யாராவது ஒருவர் விரலைத் தூக்குகிறார்கள். பேத்திக்குப் பேச்சு இன்னும் வரவில்லை, விரல் வந்துவிட்டது. மருந்தை அடியிலிருந்து ஆரம்பித்து, உண்மை நோட்டு எழுதி, டாக்டர் சொன்னபடி நடந்து, இப்போது எண்பத்து நாலு கிலோவுக்கு வந்திருக்கிறேன்.

ஆனால் அதைக் கேட்பவர்கள் யாரும் இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மல்லிகா சொல்லுவது அந்தப் பௌர்ணமிக்கு அடுத்த வியாழக்கிழமை எடையைத்தான். அன்று தராசு தொண்ணூற்று மூன்று காட்டியது. முக்கால் கிலோ குறைந்துவிட்டது என்று நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னபோது, அவள் பூத் தொடுப்பதை நிறுத்தாமல் சொன்னாள்:

"அது குறையலைங்க. சம்பந்தி வேட்டியில இருக்குது."