தையல்காரர் மடக்கவில்லை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன லீவில் எனக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தீர்கள். "மாமா, முதல்ல கைக்கு வர்ற ரெண்டு சீட்டுதான் உயிர். குப்பைன்னா மடக்கி வெச்சு அந்த ஆட்டத்தை விட்டுடுங்க. ஏஸ் ஜோடி வந்தா, நடுவுல பொதுச்சீட்டு விரிக்கறதுக்கு முன்னாடியே பந்தயத்தை ஏத்துங்க. எதிராளி ஓடிருவான்" என்றீர்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சலவைக்கடை மாடியில் மருந்துக்கடைக்காரர், பஸ் டிரைவர், தையல்காரர் மூவரோடும் மத்தியானம் ஆடிவந்தேன். பந்தயம் சட்டைப் பட்டன்தான், தையல்காரர் தந்தது. பாவம், அவர் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் நாற்காலியையும் அதன் எதிரிலிருந்த பட்டன்களையும் எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

நேற்று மருந்துக்கடைக்காரர் கைப்பழக்கத்தில் அவருக்கும் இரண்டு சீட்டுப் போட்டுவிட்டார். எனக்கு வந்ததோ ஏஸ் ஜோடி! உங்களை நினைத்துக்கொண்டு என் பட்டன் மொத்தத்தையும் தள்ளினேன். மருந்துக்கடைக்காரர் மடக்கினார், பஸ் டிரைவர் மடக்கினார். அள்ளப் போனேன். 'டிக்' என்று ஒரு சத்தம். தையல்காரர் யோசிக்கும்போது பல்லால் நூல் கடிப்பாரே, அதே சத்தம். காலி நாற்காலிக்கு எதிரிலிருந்த பட்டன்கள் மெல்ல நடுவுக்கு நகர்ந்தன.

"கீழ மெஷின் ஓடுதுல்ல, மேஜை ஆடுது" என்றார் டிரைவர்.

"இன்னைக்குக் கடை லீவுப்பா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

பொதுச்சீட்டு ஐந்தையும் விரித்தார். அதில் இரண்டு ஏழு. காலி நாற்காலிக்குப் போட்ட சீட்டு தானாகப் புரண்டது: ஒரு ஏழு, ஒரு இரண்டு. உயிரோடு இருந்தபோதும் அந்த மனுஷன் எந்தக் குப்பையையும் மடக்கினதில்லை! பொதுவில் இரண்டு, அவரிடம் ஒன்று, ஆக மூன்று ஏழு; மூன்றுக்கு முன்னால் என் ஏஸ் ஜோடி அம்போ. பட்டன் அத்தனையும் அந்தப் பக்கம் போச்சு மாப்பிள்ளை, தானா ஊர்ந்து போச்சு. டிரைவர் செருப்பை விட்டுட்டு ஓடினார். நான் செருப்போடதான் வீடு வந்தேன், யாரோடதுன்னுதான் தெரியல. ஏத்தினா ஓடிருவான்னீங்களே, செத்தவன் எதுக்குப் பயந்து ஓடுவான்? இனி சீட்டைத் தொட்டால் என்னை ஏனென்று கேளுங்கள்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, முக்கியமாக ஆயுளோடு, இருக்க ஆசீர்வதிக்கும்,
பெண்ணைக் கொடுத்த மாமனார்.

பி.கு.: தபாலில் போடப் போகிற வழியில் மாடியில் சும்மா எட்டிப்பார்த்தேன். யாருமில்லை. என் பட்டன்கள் என் இடத்துக்கே வந்து அடுக்காக இருந்தன. பக்கத்தில் கவிழ்த்த இரண்டு சீட்டு. புரட்டினேன், ராஜா ஜோடி! மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், உட்கார்ந்து பந்தயத்தை ஏற்றிவிட்டேன். எதிரில் 'டிக்', 'டிக்' என்று கேட்கிறது, இன்னும் யோசிக்கிறார். உங்கள் அத்தைக்கு ஒரு போன் போட்டு, நான் வர நேரமாகும் என்று சொல்லிவிடுங்கள்.