ஒத்தை ஆள் கரண்ட் பில்

"ஒத்தை ஆளுக்கு இவ்வளவு கரண்ட் பில்லா? வீட்டுல என்ன, மாவு மில்லா நடத்துறீங்க?"

போனில் மனைவியின் குரலைக் கேட்டதும் தையல்காரர் மெஷினை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட மகளுக்குத் துணையாக அவள் வெளியூர் போய் மாதக்கணக்கில் ஆகிவிட்டது. போகும்போது திட்டுகளையும் கையோடு கொண்டுபோய்விட்டதால் வீடு வெறிச்சென்று கிடந்தது. தினமும் காலையில் போனில் வருகிற திட்டில்தான் அவருக்குப் பொழுது விடிந்தது.

"இப்ப என்ன பண்ணணும், சொல்லு."

"முதல்ல ஃபிரிட்ஜை நிறுத்துங்க. ஒரு ஆளுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பெட்டி?"

நிறுத்தினார். மறுநாள் பால் திரிந்தது. அதற்கடுத்த நாள் குழம்பு அடுப்பே இல்லாமல் பொங்கியது. பால் பாக்கெட்டை எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் அதில் டீ போட்டுக் குடித்துவிட்டு, "நம்ம பால்னு நெனைச்சுட்டேங்க" என்று சிரித்தார். போதாக்குறைக்கு இவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்.

"எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"எனக்கென்ன? ஜம்முனு இருக்கேன். பால் இல்லாத டீதான் உடம்புக்கு நல்லதாம்."



"அப்படியா? அப்ப ஹீட்டரையும் நிறுத்திடுங்க."

பச்சைத் தண்ணீர்க் குளியல் தும்மலில் கொண்டுபோய் விட்டது. பேங்க் மேனேஜரின் கோட்டுத் துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போது அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. கத்தரி தன் பாட்டுக்கு ஓடியது.

"என்னய்யா இது? ஒரு கை முழுக்கை, ஒரு கை அரைக்கை?"

"சார், அது வந்து... அச்சூ!"

மேனேஜர் கோட்டோடு இரண்டடி பின்வாங்கினார். கரண்டில் மிச்சம் பிடித்தது புதுத் துணி வாங்கவே போதவில்லை.

"சளி பிடிச்ச மாதிரி இருக்கே குரல்?" என்றாள் மனைவி மறுநாள் போனில்.

"சளியா? எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன். பொண்ணு கால் எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றாள் அவள் வெடுக்கென்று. "மெஷின் மோட்டாரைக் கழட்டிட்டுக் காலால மிதிங்க. இந்த வயசுல அதுவும் ஒரு உடற்பயிற்சிதான்."

மிதித்தார். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. 'வந்துடேன்' என்ற ஒரு சொல் தினமும் நாக்கு நுனிவரை வரும். கால் முறிந்து கிடக்கிற பெண்ணை விட்டுவிட்டு அவள் எப்படி வருவாள்? தூக்க மாத்திரை போல அதை விழுங்கிவிட்டுப் படுப்பார்.

பில் ஏறிய காரணத்தை மட்டும் அவர் அவளிடம் சொல்லவேயில்லை. அவளுக்கு ஃபேன் ஐந்தில் சுற்ற வேண்டும், அவருக்கு இரண்டு போதும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ரெகுலேட்டர் இவர்கள் இருவருக்கும் நடுவில் படாத பாடு பட்டது. இப்போது அவரே ஐந்தில் வைத்துவிட்டு, போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கியபடி தூங்கினார். சமையலறை விளக்கையும் அணைப்பதில்லை. நூல் வாங்கிக்கொண்டு சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது ஜன்னலில் அந்த வெளிச்சம் தெரிந்தால், கதவைத் திறக்கும்வரையாவது அவள் உள்ளே இருப்பாள்.

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சா?" என்றாள் ஒருநாள்.

"ஆச்சு. ராஜா மாதிரி இருக்கேன்."

"போன் சார்ஜரைப் பிளக்குல அப்படியே விட்டு வெச்சா அதுவும் கரண்டை இழுக்குமாம். பிடுங்கி வைங்க!" என்று பட்டென்று வைத்துவிட்டாள்.

சார்ஜரைப் பிடுங்கி மேல் பரணில் போட்டார். போன் உயிரை விட்டது. மறுநாள் காலை திட்டு வரவில்லை. வீங்கிய முழங்காலோடு அவர் பரணில் ஏறவும் முடியவில்லை. அதற்கடுத்த நாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தலை கலைந்து, கண் சிவந்து மனைவி இறங்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளை பெட்டியோடு இறங்கினார்.

"போன் என்னாச்சு? உசிரே போச்சு எனக்கு!"

"நீதானே சார்ஜரைப் பிடுங்கச் சொன்னே?"

"சொன்னா, பிடுங்கிடறதா?" அவரை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கு சிவந்திருந்தது. நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ராஜா மாதிரி இருக்கேன்னீங்களே!"

"ராஜாதான்... அச்சூ!"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஃபிரிட்ஜ் உறுமியது. ஹீட்டர் சுவிட்ச் சொடுக்கிட்டது. அவளுடைய திட்டு அறை அறையாகப் போய் வீட்டை நிறைத்தது. தையல்காரர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, பொண்ணு அங்க தனியா கஷ்டப்படும். சாயங்காலமே அத்தையைக் கூட்டிட்டுப் போயிடுங்க. நான் சமாளிச்சுக்குவேன்."

மாப்பிள்ளை உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க, மாமா, கூட்டிட்டுப் போறது? கால் கட்டைப் பிரிச்சு உங்க பொண்ணு ஆபீஸே போக ஆரம்பிச்சுட்டா. 'இதை நிறுத்தச் சொன்னாலாவது மனுஷன் வந்துடுன்னு கூப்பிடுறாரா பார்ப்போம்'னு சொல்லிட்டுத்தான் அத்தை தினமும் உங்களுக்குப் போனே போடுவாங்க!"